சிலுவைக்கு ஏற்ற வயிறு

1928 பிப்ரவரி 5, ஞாயிறு. ஆம்பூர்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் நாடகம் பழக்கும் அண்ணாவி ஆரோக்கியசாமி என் கையைப் பிடித்து, கோயிலுக்குப் பின்னால் பாஸ்கு நாடகச் சாமான்கள் வைக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். பெட்டியைத் திறந்து, பெரிய வெள்ளியன்று சிலுவையில் தொங்கும்போது நான் இடுப்பில் கட்டும் வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

"கட்டு, பார்க்கலாம்."

கட்டினேன். இரண்டு முனையும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்தன, சேரவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். சேர்ந்தது, முடிச்சுப் போட்டேன்.

"வசனம் சொல்லு."

"பிதாவே" என்று வாயைத் திறந்தேன். முடிச்சு அவிழ்ந்து துணி காலடியில் கிடந்தது. நல்ல வேளை, வேட்டியை அவிழ்க்காமல் இருந்தேன்.

"போன வருஷம் இன்னா ஆச்சுன்னு ஞாபகம் கீதா, சூசை?" என்றார்.

மறக்கக்கூடியதா அது? சிலுவையைத் தூக்கி நிறுத்தியாயிற்று. சனமெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறது. கூட்டத்திலிருந்து ஒரு குழந்தை கணீரென்று கேட்டது: "யம்மா, சாமி சாப்ட்டாரா?" அழுத சனம் மொத்தமும் சிரித்துவிட்டது. சிலுவையில் இருப்பவன் எங்கே போய் ஒளிவான்?

அண்ணாவியின் தீர்ப்பு இது. பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்து ஞாயிறு வரை எனக்குத் தவணை. அன்று நானும், எங்கள் தோல் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்யும் அந்தோணியும் சட்டையில்லாமல் அவர் முன்னால் நிற்க வேண்டும். யார் வயிறு சிலுவைக்கு ஏற்றதோ அவன் யேசு. "நீ பிலாத்துவா ஆயிடு. பிலாத்து ஒக்காந்துகினுதான இருப்பான். தொப்ப இருந்தா பார்க்க லட்சணமா இருக்கும்" என்றார்.

ஒன்பது வருஷம் யேசுவாக இருந்தவனைப் பார்த்து இப்படிச் சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்தது?

பிப்ரவரி 6, திங்கள்

கோயிலில் பீடத்துச் சிலுவையை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் முகத்தையே பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன். விலாவுக்குக் கீழே, வயிற்றில், வரிசையாகக் கட்டங்கள். பணியாரச் சட்டியைக் கவிழ்த்ததுபோல் மேடு, பள்ளம், மேடு. நடுவில் ஒரு நேர்க்கோடு.

வீட்டுக்கு வந்து என் வயிற்றைப் பார்த்தேன். ஒரே மேடு.

சுண்ணாம்புத் தொட்டியில் நின்றிருந்த காலத்தில் எனக்கும் வயிறு ஒட்டித்தான் இருந்தது. மேஸ்திரியாக்கி, தோலைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அந்த முக்காலிதான் என் சத்துரு.

பிப்ரவரி 7, செவ்வாய்

சவுரியம்மாளிடம் சொன்னேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இந்த வயித்த கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் வளத்துருக்கேன். அண்ணாவி ஒரு வார்த்த சொன்னாருன்னு கரைச்சுடுவீங்களா?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் சமையலுக்கு நான் ஒருத்தன்தான். அதனால் எதிர்த்துப் பேச முடியவில்லை. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். நாளைக்கு ஆரம்பிப்பேன்.

பிப்ரவரி 9, வியாழன்

யோசித்தேன். கொழகொழவென்று வரும் பச்சைத் தோலை எது இறுக்குகிறது? ஆவாரம்பட்டையும் கடுக்காயும். தோலுக்குத் தோல் ஒன்றுதானே! ஊறல் தொட்டிக்குப் போடாத நல்ல பட்டையாகப் பார்த்து எடுத்து, கடுக்காயும் தட்டிப் போட்டு, கஷாயம் வைத்து ஒரு சொம்பு குடித்தேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

இன்று எழுத முடியாது. எழுந்து நடக்கவும் முடியாது.

பிப்ரவரி 14, செவ்வாய்

டேனரியில் எடை போடும் ஜியாவுல்லா பாய் என் சிநேகிதர். விடியற்காலையில் பாலாற்று மணலில் பையன்களுக்குத் தண்டாலும் குஸ்தியுமாகத் தாலீம் சொல்லிக் கொடுப்பவர். ஒரு காலத்தில் வாணியம்பாடி வரை போய்க் குஸ்தி போட்டவர். அவரிடம் போய்ச் சரணடைந்தேன்.

சட்டையைக் கழற்றச் சொல்லிச் சுற்றிவந்து பார்த்தார். "தோஸ்த், சாமான் நல்ல சாமான்தான். மேல கம்பளி ஜாஸ்தி" என்றார்.

தண்டால் எடுக்கச் சொன்னார். கீழே போனேன். மேலே வரவில்லை. மணலில் முகம் புதைத்துக் கிடந்தேன். பாய் குனிந்து, "நமாஸா?" என்று கேட்டார். பையன்கள் சிரித்து உருண்டார்கள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

சவுரி நேற்று கேட்டாள்: "பிலாத்துவா நடிச்சா இன்னா கொறஞ்சிடும்?" கோபமாக வந்தது. வெளியே போய்விட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

வேலூருக்கு ரயிலில் போனால் பக்கத்தில் உட்கார்ந்தவன் மெல்ல எழுந்து வேறு இடம் பார்க்கிறான். எத்தனை சோப்புப் போட்டாலும் எங்கள் மேல் அந்த வாசனை இருக்கத்தான் செய்கிறது. கடையில் சில்லறையைக் கையில் தராமல் பலகையில் வைக்கிறார்கள். ஆனால் பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து என்னை இறக்கிக் கிடத்தினால், அதே கடைக்காரர் வரிசையில் நின்று என் காலை முத்தமிடுகிறார். மூக்கைப் பிடிப்பதில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள். அது என்னை இல்லை, சாமியைத்தான் என்று எனக்குத் தெரியும். கால் என்னுடையதுதானே?

அதைப் போய் ஒரு தொப்பைக்காக விடச் சொல்கிறாள்.

பிப்ரவரி 22, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். தபசுகாலம் தொடங்கிவிட்டது. பாஸ்கு வரை மாமிசம் கிடையாது, ஒரு பொழுதுதான் சாப்பாடு. இந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் இதோடு சேர்ந்து வந்திருக்கிறது. டேனரியில் முதலாளி பட்டினி, குமாஸ்தா பட்டினி, மேஸ்திரி பட்டினி. ஊரே எனக்காக நோன்பு இருப்பதுபோல் ஒரு தைரியம். தொப்பையே, உன் காலம் முடிந்தது!

பிப்ரவரி 28, செவ்வாய்

தொப்பை கூடியிருக்கிறது.

காரணம் ஜஹீதா பாபி, ஜியாவுல்லா பாயின் மனைவி. சூரியன் சாய்ந்ததும் பாய் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். "நோன்பு பிடிச்சவன் தனியா தொறக்கக் கூடாது தோஸ்த்." நான் கறி தொடமாட்டேன் என்று பாபி எனக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சுகிறார், கறிக்குப் பதில் நெய் ஊற்றி. அதன் மேல் பேரீச்சம்பழம், வடை, ஷர்பத். அங்கே முடித்து வீட்டுக்கு வந்தால் சவுரி இலை போட்டு வைத்திருக்கிறாள்.

ஒரு பொழுது என்றுதான் வேதத்தில் இருக்கிறது. அந்த ஒரு பொழுது எவ்வளவு நேரம் என்று இல்லை.

மார்ச் 6, செவ்வாய்

இன்று நடந்ததை யாரும் படிக்கக் கூடாது.

காலையில் உலர்த்தும் களத்தில் நின்றிருந்தேன். பதனிடாத ஆட்டுத்தோல் ஒன்றை ஈரத்தோடு சட்டத்தில் அடித்து மறந்துவிட்டிருந்தார்கள். வெயிலில் அது சுருங்கி ஆணியையே பிடுங்கியிருந்தது. எனக்குள் விளக்கு எரிந்தது. ஆணியைப் பிடுங்கும் தோல் தொப்பையை விடுமா?

மயிர் போக்கிய ஈரத் தோலில் அகலமாக ஒரு வார் கிழித்து, வயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் முடிந்து, மேலே சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் போய் நின்றேன். ஒரு மணி நேரம் சொர்க்கம். வயிறு உள்ளே போவது கண்ணுக்குத் தெரிந்தது. வாசனைக்கு மூன்று நாய்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தன. பரவாயில்லை என்று விட்டேன்.

உச்சிவெயிலில் வார் இறுக ஆரம்பித்தது. குனிய முடியவில்லை. மூச்சு கழுத்தோடு நின்றது. அந்த நேரம் பார்த்து முதலாளி சாயபு வந்தார். எல்லோரும் குனிந்து சலாம் வைத்தார்கள். நான் தேக்கங்கட்டைபோல் நின்றேன். "இன்னா சூசை, மேஸ்திரி ஆனதும் முதுகு வளையலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்லக் காற்று இல்லை.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். எலும்பாக இறுகியிருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. செத்துப்போவேன் என்று நிஜமாகவே பயந்துவிட்டேன். யேசுவே, உம் வேஷம் போட ஆசைப்பட்டது தப்பா?

அந்தோணிதான் பார்த்தான். என்னைத் தொட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வாரை ஊறவைத்தான். பிறகு சதை வழிக்கும் கத்தியை எடுத்தான். என் வேஷத்துக்குப் போட்டியாக வந்தவன் கத்தியோடு என் வயிற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான்! "மூச்சு வுடாத மேஸ்திரிண்ணா" என்றான். விட எங்கே இருந்தது? மெல்ல அறுத்தான். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் சிரிக்கவும் இல்லை.

குனிந்திருந்தவனின் வயிற்றை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். பீடத்துச் சிலுவையில் இருப்பதேதான். கட்டம் கட்டமாக.

"உனக்கு இது எப்பிட்றா வந்துச்சு? எந்த தாலீம்?" என்று கேட்டேன்.

"தாலீமா?" என்றான். "ஆத்துல தண்ணி கம்மியானதுலேர்ந்து வாரத்துல பாதி நாளு தொட்டி காலி. வேல இல்லன்னா கூலி இல்ல. புள்ளைங்க குடிச்ச மிச்சம் கஞ்சி கெடச்சா குடிப்பேன். நீங்களும் அப்பிடி இருந்து பாருங்க, தன்னால வந்துடும்."

சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு கத்தியைக் கழுவிக்கொண்டே, "போன வருஷம் கூட்டத்துல கத்துச்சே, அது என் பொண்ணு பிலோமிதான், மேஸ்திரிண்ணா. கிண்டலுக்குக் கேக்கல. மொத நாளும் எங்கூட்ல அடுப்பு எரியல. யாரப் பார்த்தாலும் அப்ப அதையேதான் கேட்டுக்கினு இருந்துச்சு" என்றான்.

ஒரு வருஷமாக அந்தக் குழந்தையை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஊரே சிரித்ததே. அது நிஜமாகவே அல்லவா கேட்டிருக்கிறது.

மார்ச் 7, புதன்

ஒரு பொழுது என்றாலும் சவுரி மத்தியானச் சோற்றுத் தூக்கு கொடுக்காமல் விடுவதில்லை. அதை எடுத்துக்கொண்டு அந்தோணியிடம் போனேன். சும்மா கொடுத்தால் வாங்கமாட்டான், ரோஷக்காரன். "டேய், இத மீதி கொண்டு போனா சவுரி என்ன உசுரோட வுடமாட்டா. சாப்ட்டா தொப்ப எறங்காது. நீதான் காப்பாத்தணும்" என்றேன்.

தூக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒங்களுக்கு ஒத்தாசதான?" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். பாதியைத் தின்று, பாதியை வீட்டுக்குக் கட்டி வைத்தான்.

எனக்குப் பசி உயிர் போகிறது.

மார்ச் 13, செவ்வாய்

ஜியாவுல்லா பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். பாபி கொடுக்கும் கஞ்சியும் இப்போது செம்போடு அந்தோணி வீட்டுக்குப் போகிறது. சொன்ன மறுநாளே செம்பு பெரிசாகிவிட்டது.

காலையில் தண்டால் எடுக்கிறேன். கீழே போனால் மேலே வருகிறேன். பையன்கள் கைதட்டினார்கள்.

மார்ச் 16, வெள்ளி

சவுரிக்குச் சந்தேகம். தூக்கு காலியாக வருகிறது, ஆள் இளைக்கிறான். க்ஷயரோகமோ என்று பயந்துவிட்டாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுகிறாள். அதோடு தூக்கில் சோற்றை இன்னும் அழுத்தி வைக்கிறாள். நான் இளைக்க இளைக்க அவள் அழுத்துகிறாள். அவள் அழுத்த அழுத்த அந்தோணி தேறுகிறான்.

மார்ச் 19, திங்கள்

மாட்டிக்கொண்டேன். சவுரி மோர் மறந்துவிட்டது என்று மத்தியானம் டேனரிக்கே வந்துவிட்டாள். தூக்கு அந்தோணி மடியில். என் வாய் காலி.

அவள் மோரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் பயந்துகொண்டே வீட்டுக்குள் போனேன். அந்தோணிக்கு எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

மார்ச் 20, செவ்வாய்

இரண்டு தூக்கு. பெரியது அந்தோணிக்கு. சிறியது எனக்கு, அதில் கூழ் மட்டும். "யேசுவாத்தான் ஆவணும்னா ஒழுங்கா ஆவுங்க" என்றாள்.

மார்ச் 23, வெள்ளி

ரம்ஜான். பாபி ஒரு பானை நிறைய பிரியாணி அனுப்பிவிட்டார். தபசுகாலம், அதிலும் வெள்ளிக்கிழமை! பானையைப் பக்கத்து வீட்டு முனியம்மாவுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். கொடுப்பதற்கு முன்னால் மூடியைக் கொஞ்சம் திறந்தேன். மோந்து பார்ப்பது பாவமா? நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்க வேண்டும்.

மார்ச் 24, சனி

கேட்டேன். பெரிதாகவும் ஒன்று கேட்டேன். "சாமி, அந்தோணிக்குச் சோறு போடுறேன். அவன் வயிறு ரொம்பினா கோடு போயிடும். கோடு போனா வேஷம் எனக்கு வரும். இது தருமமா தந்திரமா? எனக்கே தெரியல."

திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன். "குருத்து ஞாயிறுக்கு அப்பறமும் சோறு போவுமா?" என்று கேட்டார். "போவும்" என்றேன். "அப்ப எழுந்து போ" என்றார்.

பிரியாணி வாசனைக்கு மட்டும் ஒரு ஜெபமாலை அபராதம்.

ஏப்ரல் 1, குருத்து ஞாயிறு

கையில் ஓலையோடு இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றோம். அண்ணாவி என்னைப் பார்த்தார். அந்தோணியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அந்தோணிக்குக் கன்னத்தில் சதை போட்டு, வயிற்றில் கட்டமெல்லாம் மூடி, கொஞ்சம் முன்னாலும் வந்திருந்தது.

"இன்னாடா இது! போன மாசம் பலகையாட்டம் இருந்தியே?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேஸ்திரிண்ணாவுக்கு ஒத்தாச பண்ணேன்" என்றான் அந்தோணி. அவன் கண்ணில் சிரிப்பு. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ஆரம்பத்திலிருந்தே.

துணியை இருவருக்கும் கட்டிப் பார்த்தார். எனக்கு முடிச்சுப் போட்டு முனை தொங்கியது. "பிதாவே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவிழவில்லை. யேசு நான்தான். அந்தோணி வழக்கம்போல் ஈட்டியும் புளித்த காடியும் வைத்திருக்கும் சேவகன்.

"ஆனா கோடு காணோமே சூசை" என்று அண்ணாவி என் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "பரவால்ல, கரியால போட்டுடலாம்."

ஆம்பூர் வெயிலில் வேர்த்து வடிந்தால் என்ன ஆவது? வேண்டாம் என்று கும்பிட்டேன்.

ஏப்ரல் 6, பெரிய வெள்ளி

ஏறப் போகிறேன். பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 7, சனி

தோள் இரண்டும் கழன்றதுபோல் வலி. எழுதிவிட வேண்டும்.

மூன்று மணிக்குச் சிலுவையை நிறுத்தினார்கள். கையை விரித்துக் கட்டியிருந்ததில் உடம்பெல்லாம் மேலே இழுத்துக்கொண்டது. கீழே சனம். முன்வரிசையில் அந்தோணியின் மனைவி மடியில் பிலோமி. அதைப் பார்க்கவே கூடாது என்று வானத்தைப் பார்த்தேன்.

"தாகமாயிருக்கிறேன்" என்றேன்.

அந்தோணி நாணல் கோலில் காடித் துணியைக் குத்தி என் வாய்க்கு நேரே நீட்டினான். அப்போது அந்தக் குரல். போன வருஷக் குரலேதான். ஒரு வருஷம் வளர்ந்து இன்னும் கணீரென்று:

"யப்பா, காடி குடுக்காத! கஞ்சி குடு! சாமிதான நமக்குக் குடுத்தாரு!"

இந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை. அந்தோணி நீட்டிய கோலைத் தாழ்த்திவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. தொங்குகிற யேசு சிரிக்கலாமா? பல்லைக் கடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, இறுக்கி இறுக்கிப் பிடித்தேன். வயிறு வெட்டி வெட்டி இழுத்தது. அதைப் பார்த்து, யேசு உயிர் விடுகிறார் என்று சனம் ஓவென்று அழுதது. சவுரியின் அழுகைதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

இறக்கிக் கிடத்தினார்கள். எல்லோரும் வரிசையாக வந்து காலை முத்தமிட்டார்கள். கடைக்காரரும் வந்தார். அந்தோணி ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, பிலோமியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அது காலை முத்தமிடவில்லை. என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அண்ணாவி திரைக்குப் பின்னால் என்னைக் கட்டிக்கொண்டார். "கோடு தெரிஞ்சிச்சிடா சூசை! மூணு வரிசையும் அப்படியே தெரிஞ்சிச்சு! எப்பிட்றா பண்ண?"

சிரிப்பை அடக்கினேன் என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 8, பாஸ்கு ஞாயிறு

சவுரி விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிட்டாள். அந்தோணி வீட்டார் அத்தனை பேரும் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஜியாவுல்லா பாய் கையில் ஒரு பானையோடு வந்தார். முனியம்மா வீட்டுக்குப் போன பிரியாணிக்குப் பதில் பிரியாணியாம். தபசுகாலம் முழுக்க விட்டதை நான் ஒரே இலையில் பிடித்தேன். மத்தியானத்துக்குள் கோடு, கட்டம் எல்லாம் போய்விட்டது. கண்ணாடியில் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட மிச்சமில்லை. போகட்டும்.

"ஒனக்கு அடுத்த வருஷமும் கஷ்டம்தான்" என்றார் பாய். அந்தோணி தன் வயிற்றைத் தட்டிக்கொண்டு, "எனக்கும்தான்" என்றான்.

நாளைக்கும் தூக்கு இரண்டுதானா என்று சவுரியிடம் கேட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தாள்.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் கோரைப்பாயில் சாய்ந்தார்கள். பிலோமி வந்து என் தொப்பையின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. பாதித் தூக்கத்தில் கேட்டது: "சாமி சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரும்மா. நீ?" என்றேன்.

அதற்குள் தூங்கிவிட்டது. சின்ன வயிறு கும்மென்று புடைத்திருந்தது.